ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து பேசலாம்

ஜோயென்சூ, பின்லாந்து,
மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இல்போவுக்கு,

மெர்வி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். ஒருவர்மேல் ஒருவர் தினமும் எரிந்து விழுகிற அளவுக்குத் தெம்போடும் இருக்கிறோம். அங்கே நார்வேயில், ஹம்மர்ஃபெஸ்ட் துறைமுகத்துக் காற்று உன்னை இன்னும் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டு வைத்திருக்கும் என்று நம்புகிறேன். கப்பல் ராடார்களைப் பழுது பார்க்க மேலே ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

நான்கு வருஷம் கழித்துக் கடிதமா, ஃபோன் செய்தால் என்ன என்று நினைப்பாய். ஃபோனில் நாம் பேசும் லட்சணம் எனக்குத் தெரியாதா? நீ அந்தப் பக்கம் மூச்சு விடுவாய், நான் இந்தப் பக்கம் மூச்சு விடுவேன். கடைசியில் யாராவது ஒருவர் 'சரி, வெச்சுடட்டுமா' என்போம். கடிதத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நீ பதில் பேசாமல் இருப்பது என் காதில் விழாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற மே மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை எனக்கு மறுபடியும் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. அதே மண்டபம், வழக்கம்போல் பன்னிரண்டேகால் மணிக்கு. நீ வர வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதையெல்லாம் இதைச் சொன்ன பதற்றம் தணிவதற்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் அம்மாவின் முழங்கால் இன்னும் சரியாகவில்லை. விறகு பிளக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிளந்து தர வந்தபோது, 'ஏம்ப்பா, உன் வீட்டு விறகே ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குது, நீ எனக்கு அடுக்க வந்துட்டியா?' என்று அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை தவறாமல் சௌனா அறைக் கல்லைச் சூடாக்கி ஆவிக்குளியலுக்கு என்னைக் கூப்பிடுகிறார். மருமகள் என்ற உறவு இருக்கிறதா இல்லையா என்று நாங்கள் இருவருமே பேசிக்கொள்வதில்லை. அவர் அரிசிப் பணியாரத்துக்கு ஓரம் மடிக்கிறார், நான் முட்டையும் வெண்ணெயும் பிசைகிறேன். பிறகு அவர் என் மடிப்பையும் நான் அவர் உப்பையும் குறை சொல்கிறோம். இதுதான் உறவு போலிருக்கிறது.

சட்டப்படி பார்த்தாலும் நான் அவருக்கு மருமகள்தான். விவாகரத்துக்கு முதல் மனு போட்டு, ஆறு மாதம் யோசிக்கச் சொல்லி அனுப்பினார்களே, அதன்பிறகு போட வேண்டிய இரண்டாவது மனுவை நானும் போடவில்லை, நீயும் போடவில்லை. போன முறை வந்திருந்தபோது என் அண்ணன், அது எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று விளக்கினான். 'ரெண்டு பேரும் சோம்பேறிங்க, அதனாலதான் இன்னும் குடும்பம் நடக்குது' என்றான். நான் சிரித்தேன்.

இன்னொரு செய்தி. நம் ஆய்வகத்தின் பேராசிரியர் தொய்வனென் இலையுதிர் காலத்தில் போய்விட்டார். இதயம். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்றபிறகு அவரை இரண்டு மூன்று முறை சந்தைத் திடலில் பார்த்தேன். ஒருமுறை காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, 'அந்த வசந்தம் முழுக்க இல்போவைக் காப்பி மேசையில தனியா உக்கார விட்டுட்டோம் மெர்வி. நான்தான் பெரியவன், நான் போய் எதிர்ல உக்காந்திருக்கணும். கிறிஸ்துமஸ் முடியட்டும், அவனுக்கு எழுதறேன்' என்றார். கிறிஸ்துமஸ் வந்தது. அவர் இல்லை. எழுத நினைத்துத் தள்ளிப்போடும் வழக்கத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன் என்று பெருமையடிக்கலாம். ஆனால் இப்போது மார்ச்.

அந்த நாளை நீயும் நானும் தனித்தனியாக எவ்வளவோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்போம். சேர்ந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மேடையில் நான், கறுப்பு உடுப்பில். என்னை எதிர்த்து வாதாட டென்மார்க்கிலிருந்து வந்த பேராசிரியர் குடைய வேண்டியதையெல்லாம் குடைந்து முடித்துச் சமாதானமாகச் சிரித்தார். தலைமை தாங்கிய தொய்வனென் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைத்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். மூன்றாம் வரிசையில் நீ, வால்கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் உனக்குப் பட்டத்தோடு தந்த உயரமான டாக்டர் தொப்பியோடு. பார்க்க வந்தவர்கள் தொப்பி கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, 'பொண்டாட்டி டாக்டர் ஆகற நாள். என் தொப்பியும் வந்து பாக்கட்டுமே' என்று சொல்லி எடுத்துக்கொண்டாய்.

பிறகு நான் சபையைப் பார்த்துத் திரும்பி, எல்லோரும் கடைசியில் சொல்கிற அந்த வாசகத்தைச் சொன்னேன். இந்த ஆய்வேட்டின்மேல் ஆட்சேபணை உள்ளவர்கள், தலைவரிடம் அனுமதி கேட்டு எழுந்து பேசலாம். அந்த மண்டபத்தில் யாரும் எழுந்து நாம் பார்த்ததில்லை. வாசகம் பாதியில் இருக்கும்போதே ஜனங்கள் கோட்டைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வெளியே காப்பியும் கேக்கும் காத்திருக்கும்.

நீ எழுந்தாய். மடியிலிருந்த தொப்பி விழுந்து, ஒவ்வொரு படியாக உருண்டு, டென்மார்க்காரரின் காலடியில் போய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். கணவன் வாழ்த்துச் சொல்லப் போகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், இல்போ. நான் சிரித்த முகத்தோடுதான் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. 'உள்ள அனுப்பின அலைத் துடிப்பு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அப்படின்னா திரும்பி வந்தது நேரா வந்துச்சா, தலைகீழா வந்துச்சான்னு எப்படிச் சொல்றீங்க?'

மண்டபத்தில் வெந்நீர்க் குழாய் முனகுவது கேட்டது. தொய்வனென் துடைப்பதை நிறுத்திவிட்டார். நான் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். டென்மார்க்காரர் குனிந்து உன் தொப்பியை எடுத்து மேசைமேல் தன் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். திரையிலிருந்த படத்தை, ஒரு அழகான சீரான குன்று மாதிரி இருந்த அந்தத் துடிப்பை, ரொம்ப நேரம் பார்த்தார். 'இதை நான் கேட்டிருக்கணும்' என்றார். அவ்வளவுதான். என் பட்டம் அங்கேயே போயிற்று.

விருந்து நடந்தது. நடக்காமல் எப்படி? சால்மன் சூப் கொதித்துவிட்டது, மேசைக்குத் துணி விரித்தாகிவிட்டது. நம் ஊரில் சாவு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டுத்தான் அழுவோம். அந்த விருந்தே எதிர்த்து வாதாடியவருக்கு மரியாதை செய்ய வைப்பது என்பதால் நான் எழுந்து டென்மார்க்காரருக்கு நன்றி சொல்லி உரையாற்றினேன். உண்மையில் என்னை எதிர்த்து வாதாடியவன் மேல்கோட்டில்லாமல் வெளியே படியில் உட்கார்ந்திருந்தான்.

அங்கே வந்து உன்னிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு மறக்கவில்லை. 'வீட்ல சொல்லியிருக்கலாமே' என்றேன். 'அப்பத்தான் தெரிஞ்சுது. திரையில பெருசாப் பாத்தப்பதான்' என்றாய். 'அப்ப வெளிய வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே' என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, 'நீதானே கேட்டே' என்றாய்.

அதற்குத்தான் நான், 'இனிமே என்கிட்ட எதுவும் சொல்லாத' என்றேன்.

கோபத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் மற்ற ஆண்கள் இரண்டு நாளில் மறந்துவிட்டு, காப்பி போட்டது யார், உப்பு எங்கே என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் கட்டிக்கொண்டது உன்னை அல்லவா? கல்யாணமான புதிதில், 'நான் வர்ற வரைக்கும் அடுப்பைத் தொடாத' என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேனே. திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. பட்டாணி சூப் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. நீ அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாய். 'தொடாதேன்னு சொன்னியே' என்றாய். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். உன்னிடம் வார்த்தையை அளந்து விட வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எதுவும் சொல்லாதே என்றேன், நீ எதுவும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ராஜினாமா கொடுத்ததைச் சொல்லவில்லை. நார்வேயில் வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதும் வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. என் நியாயம் என் கண்ணை மறைத்தது என்று சொல்லி இப்போது யாருக்கு என்ன லாபம்? எனக்கு வருத்தமாக இருக்கிறது, இல்போ. இதைவிடச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடலாமா என்று வந்தது. உன் அம்மா வந்துவிட்டதால் தப்பித்தது.

நீ போனபிறகு நாம் அலையை ஓடவிடச் செய்த அந்தச் செப்புத் தடத்தை நான் இரண்டு வருஷம் தொடவே இல்லை. தொழிற்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் தொய்வனெனே சாவியை அனுப்பி, 'அலமாரியில தூசு படிஞ்சு கிடக்கு. வேணும்னா எடுத்துக்கோ, வேண்டாம்னா தூக்கிப் போட்டுடுவாங்க' என்று சொல்லியனுப்பினார். தூக்கிப் போட மனம் வரவில்லை. அதில் நீ உன் கையால் பற்றவைத்த சாலிடர் புள்ளிகள் இருக்கின்றன. ஆகையால் மறுபடி ஆரம்பித்தேன், மாலை வேளைகளில்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சௌனாவில் உட்கார்ந்திருக்கும்போது உன் அம்மா, 'அப்படி என்னதாம்மா பண்றீங்க நீங்கள்லாம்? என் பையனைக் கொண்டுபோய் நார்வேயில விட்ட அந்தச் சமாச்சாரம் என்ன, எனக்கும் சொல்லேன்' என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. நாமும் சொன்னதே இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், 'அத்தை, வாசல் திண்ணைக் குளிர்லேர்ந்து இந்தச் சூட்டுக்குள்ள வர்றீங்க. பிடிக்கலைன்னா ஒரு அடி பின்னால வெச்சு வெளிய போயிடலாம். கண்ணாடில ஒளி படறதும் அப்படித்தான். எல்லை ஒரு இடத்துல இருக்கு. ஒளி கொஞ்சம் உள்ள போகும், கொஞ்சம் திரும்பிடும்' என்றேன். பிறகு கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்மேல் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழும்பி முதுகு, காது, கால் எல்லாம் ஒரே சமயத்தில் சுட்டது. 'இப்பப் பாருங்க. நீங்க எங்கேயும் போகல. உக்காந்த இடத்துலயே இருக்கீங்க. ஆனா அறை மொத்தமும் மாறிடுச்சு. எந்த மூலைல உக்காந்தாலும் தப்ப முடியாது. நாங்க பாக்கறது இந்த மாதிரி எல்லையை. இடத்துல இல்ல, நேரத்துல இருக்கற எல்லை. ஒளி உள்ள ஓடிக்கிட்டு இருக்கும்போதே பொருளை மாத்திடறது' என்றேன்.

'இதுக்கா இத்தனை வருஷம்? நான் வாராவாரம் ஊத்தறேனே, எனக்கு யாரும் தொப்பி தரலையே' என்றார். பிறகு தோளைத் துடைத்துக்கொண்டே, 'சரி, மாத்தினா என்ன ஆகும்?' என்று கேட்டார்.

ஒரு பகுதி அதே திசையில் போகும், ஒரு பகுதி வந்த வழியே திரும்பும் என்று சொன்னேன். ஒளி ரொம்ப அவசரக்காரி, அவள் ஒருமுறை துடிப்பதற்குள் பொருளை மாற்ற நம் கை போதாது, அதனால் அவள் குடும்பத்திலேயே மந்தமான ரேடியோ அலையைச் செப்புத் தடத்தில் ஓடவிட்டு, வழி நெடுக இருக்கும் சுவிட்சுகளை ஒரே கணத்தில் தட்டினோம் என்றேன். அலை திரும்பியும் வந்தது. தட்டினால் வந்தது, தட்டாவிட்டால் வரவில்லை. நாம் எவ்வளவு குதித்தோம்!

'அப்புறம் என்ன கோளாறு?' என்றார்.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன். தடத்தின் கடைசியில் அலையை விழுங்கிவிட ஓர் அடைப்பு வைத்திருந்தோம் அல்லவா? அது பழைய தடத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைத் தட்டியதும் தடமே வேறு தடமாகிவிட்டது. அடைப்பு அதற்குப் பொருந்தவில்லை. ஆகையால் அலை அங்கே மோதிச் சாதாரண எதிரொலியாகத் திரும்பியது. சுவிட்சைத் தட்டும்போது மட்டும்தான் அதுவும் வரும். சுருதியும் மாறித்தான் வரும். போதாததற்கு, அலை முனையை நெருங்குகிற நேரத்தில்தான் நாம் தட்டினோம், ஆகையால் வந்து சேர்ந்த நேரத்தை வைத்தும் பிரிக்க முடியவில்லை. எல்லா விதத்திலும் நாம் தேடியது போலவே வேஷம் போட்டு வந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் காட்டிக்கொடுத்திருக்கும். எது முன்னால் வருகிறது என்பதில்.

அதை உன் அம்மாவுக்கு இப்படிச் சொன்னேன். 'நானும் இல்போவும் ஏரியில பனிச்சறுக்கு போறோம். அவன் முன்னால, நான் பின்னால. தீவை ஒருத்தர் பின்னால ஒருத்தர் சுத்தி வந்தோம்னா, திரும்பும்போதும் அவன்தான் முன்னால. அது சாதாரண எதிரொலி. ஆனா யாரோ விசில் அடிச்சு, ரெண்டு பேரும் நின்ன இடத்துலயே திரும்பினோம்னா?'

'நீ முன்னால வருவே' என்றார்.

'அதேதான். கடைசி முதல்ல வரும். நாங்க அனுப்பின துடிப்புக்கு முன்னும் பின்னும் ஒரே முகம். அதனால யார் முன்னால வந்தாங்கன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. அதைத்தான் இல்போ எழுந்து கேட்டான்.'

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். கல் சீறி அடங்கியது. பிறகு, 'அந்தக் கடைசி அடைப்பை வெச்சது யாரு?' என்று கேட்டார்.

'இல்போதான்' என்றேன்.

'அந்தச் சீரான துடிப்பை உருவாக்கினது?'

'அதுவும் அவன்தான். கருவி அவனோடது.'

'அடிப் பெண்ணே' என்றார் உன் அம்மா. 'அப்ப அவன் உன்னை எங்கே மாட்டிவிட்டான்? தன்னைத்தானே இல்ல மாட்டிவிட்டுக்கிட்டான்! அத்தனை பேர் முன்னால எழுந்து நின்னு, நான் செஞ்சது தப்புன்னு சொல்லியிருக்கான். நீ என்னடான்னா உன் கழுத்தை அறுத்துட்டான்னு நாலு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே.'

கல்மேல் தண்ணீர் ஊற்றியது யார் என்று தெரியவில்லை, எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. உண்மையாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். நீ எழுந்து நின்று கேட்டபோது என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்தாய். என்னை எதிர்த்துப் பேசுகிற கூச்சம் என்று நினைத்தேன். ஆய்வகத்தில் எல்லோரும் உன்னைப் பொறாமைக்காரன் என்று ஒதுக்கியபோது நீ அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வாயடைத்துப் போயிருப்பார்கள். நீ சொல்லவில்லை. சொன்னால் அது எனக்குத் தருகிற விளக்கம் ஆகிவிடும், நான்தான் எதுவும் சொல்லாதே என்றிருந்தேனே.

இதற்குமேல் எழுத இன்று முடியவில்லை.

வெள்ளிக்கிழமை

நல்ல செய்திக்கு வருகிறேன். நீ கேட்காவிட்டாலும் உள்ளுக்குள் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாய்.

துடிப்பைக் கோணலாக்கினேன். முதலில் ஒரு சின்ன மேடு, பின்னாலேயே ஒரு பெரிய மேடு. அடைப்பை மாறிய தடத்துக்குத் தகுந்தபடி புதிதாகச் செய்தேன். அலை பாதி வழியில் இருக்கும்போது சுவிட்சைத் தட்டினேன். ஆரம்பத்தில் குப்பைதான் வந்தது. சுவிட்சுகள் எல்லாம் ஒரே கணத்தில் விழவில்லை. ஒவ்வொன்றாகச் சீர்செய்ய ஒரு குளிர்காலம் போயிற்று. பிறகு ஒருநாள் மத்தியானம், வெளியே கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, திரையில் வந்தது. பெரிய மேடு முதலில். சின்ன மேடு பின்னால். எல்லாம் நாம் கணக்குப் போட்ட இடத்தில்.

பக்கத்தில் யாரும் இல்லை. 'இல்போ, வந்து பாரேன்' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அறையில் என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது. சாதாரண எதிரொலி.

உலகத்தில் வேறு பெரிய ஆய்வகங்களில் இதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். நாம்தான் முதலில் என்று இனிமேல் யாரும் சொல்லப் போவதில்லை. அந்த ஆசை எனக்கு இருந்தது, அது போன வருத்தமும் இருக்கிறது. என் ஆய்வேட்டில் இப்போது அந்த வேஷக்கார எதிரொலியைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. எப்படி ஏமாந்தோம், எப்படிக் கண்டுபிடிப்பது என்று. அதைத்தான் இனி வருகிறவர்கள் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த அத்தியாயத்தின் முதல் வரியில் உன் பெயர் இருக்கிறது. அனுமதி கேட்கவில்லை, வேண்டாம் என்றால் வந்து சொல்.

அதே டென்மார்க்காரர்தான் இந்த முறையும் வருகிறார். தானாகவே கேட்டு வருகிறார். கடிதத்தின் கடைசியில், தொப்பிக்காரர் வருவாரா என்று விசாரித்திருந்தார். நான் இன்னும் பதில் போடவில்லை.

எனக்குப் பட்டம் கொடுக்கிற இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் எனக்கு ஆறுதலாக இல்லை, இல்போ. அலை திரும்பி வரும், ஆனால் நேரம் திரும்புவதில்லை. பலரும் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். திரும்புகிற அலை போன வழியிலேயே வந்தாலும் அது வந்து சேருவது நேற்றுக்கு அல்ல, நாளைக்குத்தான். போன சுருதியில் வருவதும் இல்லை. நீ பார்த்த மெர்வி இங்கே இல்லை. தலையில் நரை வந்துவிட்டது, முணுமுணுக்கிற பழக்கமும் வந்துவிட்டது. நீயும் வேறு ஆளாகத்தான் இருப்பாய். அந்த நான்கு வருஷத்தை எந்தச் சுவிட்சைத் தட்டியும் மீட்க முடியாது என்பது இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இருந்தாலும் அன்றைக்கு சௌனாவிலிருந்து வெளியே வந்து தலை துவட்டும்போது உன் அம்மா ஒன்று சொன்னார். 'ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பினா பின்னால வந்தவதான் முதல்ல வந்து சேருவான்னு நீதானே சொன்னே? அப்புறம் எதுக்கு அவன் வரட்டும்னு உக்காந்திருக்கே? பேனாவை எடு.' நான் எப்போதும் உன் பின்னால் வந்தவள்தான். நீ போட்ட தடத்தில்தான் சறுக்கிப் பழக்கம். இந்த ஒருமுறை நான் முதலில் வருகிறேன்.

உன் தொப்பி என்னிடம் இருக்கிறது. உருண்டதில் ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆவி காட்டி நிமிர்த்திவிட்டேன். அன்று காலையில் மூன்றாம் வரிசையில் உன் நாற்காலிமேல் அதை வைத்துவிட்டுத்தான் மேடை ஏறுவேன். வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள உன் அம்மா பக்கத்தில் இருப்பார். முழங்கால் வலியோடு அவர் காவல் காத்தால் எவன் கிட்டே வருவான்?

பேசி முடித்ததும் அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டி வரும். சபையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஆனால் இந்த முறை நான் சபையைக் கேட்கப் போவதில்லை. எதுவும் சொல்லாதே என்று படியில் நின்று சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ எதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவன் என்பதால் இதோ எழுத்திலேயே தருகிறேன். ஆட்சேபணை இருந்தால் எழுந்து சொல், இல்போ. ஆய்வேட்டின்மேல் ஒன்றும் இல்லாவிட்டாலும் என்மேல் நிறைய இருக்கும், அதையும் சொல். எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன். வெளியே காப்பி ஆறினால் ஆறட்டும்.

அங்கே காற்று அடங்கட்டும். நீ வருகிற வழியில் பனி வழுக்காமல் இருக்கட்டும்.

உன்,
மெர்வி